வால்பாரம்

நம் வயசுக்காரர்கள் எல்லோருக்கும் இப்போது ஒரு பொது எதிரி உண்டு. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததுமே வழிமறித்து நிற்கும் அந்த எடை பார்க்கும் இயந்திரம். சீட்டு எழுதும் பெண் "அம்மா, செருப்பைக் கழற்றிட்டு ஏறுங்க" என்கிறாள். நாமும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏறுகிறோம், மூச்சைப் பிடித்தால் முள் இரக்கப்படும் என்பதுபோல. போன வாரம் அப்படி ஏறி நின்றபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவளிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். என்னை முதன்முதலாக எடை போட்டது கொப்பரைத் தராசில். எதற்காக என்றால், ஒரு விமானத்துக்காக.

சிரிக்காதீர்கள். பாறசாலையிலிருந்து குளத்தூர் போகிற வழியில் எங்கள் வீடு. அப்பாவுக்குக் கொப்பரை வியாபாரம். வெயில் காலம் முழுவதும் களத்தில் தேங்காய்ப் பருப்பு காய்ந்துகொண்டிருக்கும். அந்த எண்ணெய் மணம் எங்கள் தலையணையில், பாடப் புத்தகத்தில், குடிக்கும் தண்ணீரில்கூட இருக்கும். களத்தோரம் ஒரு பலாமரம். அதன் தாழ்ந்த கிளையில் தராசு தொங்கும். ஆள் நீளத்துக்கு இரும்புத் தண்டு, இரு பக்கமும் சங்கிலியில் பலகைத் தட்டு. அப்பா நல்ல மனுஷர்தான், வீட்டுக்கு வந்தவரைச் சோறு போடாமல் அனுப்பமாட்டார். ஆனால் கொப்பரை வாங்கும்போது மட்டும் அவருடைய இடது கை எப்படியோ தண்டின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். எடை கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும். ஊருக்கே தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

மாமன் அம்மாவின் தம்பி. யுத்த காலத்தில் வடக்கே எங்கேயோ ஒரு விமானப் பட்டறையில் இறக்கைக்குத் துணி ஒட்டுகிற வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். ஊரில் சைக்கிளும் பம்புசெட்டும் ரிப்பேர் செய்தார். அவரும் மாமியும் எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில் குடியிருந்தார்கள், சாப்பாடு பெரும்பாலும் எங்கள் வீட்டில். பட்டாளத்தார் ஏலம் போட்ட ஒரு மோட்டார் சைக்கிளின் எஞ்சினை வாங்கிக்கொண்டு அவர் வந்த அன்றுதான் எல்லாம் தொடங்கியது. பம்புசெட்டுக்கு என்று அம்மா நினைத்தாள். மாமி மட்டும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அது எல்லைக் கிளர்ச்சிக் காலம். எங்கள் தாலுகா மலையாளத்தோடு இருக்கவேண்டுமா, தமிழோடு சேரவேண்டுமா என்பதுதான் பேச்சு. காலையில் ஒரு ஊர்வலம் போகும், சாயங்காலம் எதிர்க்கட்சி ஊர்வலம் போகும். பிள்ளைகள் நாங்கள் இரண்டிலும் போனோம், இரண்டு கோஷமும் எங்களுக்குப் பாடம். அப்பா தமிழ்க் கட்சி. பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூட சார் மலையாளக் கட்சி. இருவரும் காலையில் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்துக் குளித்துவிட்டு, பிறகு போய் ஒருவரை ஒருவர் திட்டி மேடையில் பேசுவார்கள். தெற்கே துப்பாக்கி வெடித்த நாட்களும் அந்தக் காலத்தில் உண்டு. அன்றெல்லாம் எங்களை வெளியே விடவில்லை. மாமனுக்கு மட்டும் எந்தக் கட்சியும் இல்லை. கொப்பரைக் கொட்டகைக்குள் விமானம் கட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு ஆள் மட்டும் உட்காருகிற சின்ன விமானம். உடம்பெலும்புக்கு மூங்கிலும் கமுகு வாரியும், இறக்கையின் நடுவில் ஓடுகிற நீளக் கட்டைக்கு அயினி மரம். மேலே பாலராமபுரத்து நெசவுத் துணியை இழுத்துக் கட்டி, விறைப்பதற்காக மரச்சீனிக் கஞ்சியை, அதுதான் மரவள்ளி மாவுக் கஞ்சி, பூசினார். கஞ்சி காய்ந்தபின் வார்னிஷ் அடிக்கவேண்டும். வார்னிஷ் வந்து சேருவதற்குள் எங்கள் ஆடு வந்து சேர்ந்துவிட்டது. இடது இறக்கையின் நுனியில் ஒரு முழம் துணியைக் கஞ்சியோடு நக்கித் தின்றது. மாமன் ஆட்டை அடிக்கவில்லை. கிழிந்த இடத்துக்கு ஒட்டுப் போட்டார். பிறகு, ஒன்றும் ஆகாத வலது இறக்கையிலும் அதே அளவுக்கு ஒரு ஒட்டுப் போட்டார்.

"நல்ல துணிக்கு எதுக்குலே ஒட்டு?" என்று அம்மா கேட்டாள்.

"ஒரு பக்கம் கனம் கூடினா சரியுமக்கா" என்றார்.

அதுதான் அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் கேட்ட பேச்சு, கனம். சோறு தின்னும்போது சொல்வார், பல் தேய்க்கும்போது சொல்வார். "விமானத்துக்கு ஒரு நடு உண்டு, கேட்டியளா. அந்த நடுவில தாங்கிப் பிடிச்சா மூக்கும் வாலும் ஒப்பமா நிக்கணும். மூக்கில பாரம் கூடினா சாமானம் எழும்பாது, அவ்வளவுதான். வாலில பாரம் கூடினா எழும்பும். எழும்பின பெறவு மூக்கு மேலயே ஏறும், தாழ்த்த ஒக்காது. தலைகீழா விழ வேண்டியதாக்கும்."

மாமி அவர் சோற்றில் குழம்பு விட்டுக்கொண்டிருந்தாள். "விழுந்தா?" என்றாள்.

"விழுந்தா என்ன, விழுந்ததுதான்" என்று சொல்லிவிட்டு அவர் உருட்டி விழுங்கினார். குழம்பு இலையைத் தாண்டி ஓடியது. மாமி கவனிக்கவில்லை.

விமானத்தின் பக்கவாட்டில் சிவப்பாக ஒரு கோடு போட்டிருந்தார். நடு அந்தக் கோட்டுக்குப் பின்னால் போகவே கூடாது. எந்தச் சாமானை எங்கே வைப்பது என்று அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். பெட்ரோல் தகரத்தைக் கோட்டுக்கு நேர் மேலே கட்டினார். முன்னால் வைத்தால், எண்ணெய் தீரத் தீர மூக்கின் கனம் குறைந்து வால் கனத்துவிடுமாம். அப்பா ஆசையாக ஒரு ரப்பர் ஹாரன் வாங்கி வந்தார். "ஆகாசத்தில யாரு அத்தான் வழி விட்டு மாறப் போறா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அம்மா கட்டிய எலுமிச்சம்பழத்தைக்கூட ஒரு நாள்தான் விட்டுவைத்தார். மாமனின் கையிலிருந்து தப்பித்தது ஒரு தேங்காய் நார்க்கயிறு மட்டும், ஏனென்றால் அது உட்காரும் பலகையைக் கட்டியிருந்தது.

நிறுத்துப் பார்க்கும் நாள் வந்தது. முன்சக்கரங்கள் தரையில் நிற்கும். வாலை மட்டும் தூக்கித் தராசின் ஒரு பக்கத்தில் மாட்டி, விமானம் தரைக்கு ஒப்பமாக நிற்கும்போது எதிர்த்தட்டில் எத்தனை எடைக்கல் கேட்கிறது என்று பார்க்கவேண்டும். வாலின் கனம் தெரிந்தால் நடு எங்கே என்று கணக்குப் போட்டுவிடலாம். அதற்கு, ஓட்டுகிறவர் தன் இடத்தில் உட்கார்ந்திருக்கவேண்டும்.

"நீ ஏறி இரி அளியா, நான் தராசு பாக்கேன்" என்று அப்பா மைத்துனரிடம் சொன்னார்.

மாமன் அப்பாவின் இடது கையைப் பார்த்தார். "வேண்டாம் அத்தான். நானே பாக்கேன்" என்றார்.

அப்படியானால் மாமனுக்குப் பதிலாக மாமன் கனத்துக்கு ஒரு ஆள் உட்காரவேண்டும். வேறு ஆண்பிள்ளையைத் தன் இடத்தில் உட்காரவைக்க அவருக்கு மனம் வரவில்லை. மாமி ஒல்லி. மாமியின் மடியில் நான் உட்கார்ந்தால் ஏறக்குறைய மாமன் கனம் வரும் என்று அவரே கண்டுபிடித்தார். ஏறக்குறைய என்பது அவர் அகராதியில் கிடையாது, அதனால் எங்கள் இருவரையும் முதலில் நிறுக்கவேண்டும் என்றார்.

அங்கேதான் வீடு இரண்டுபட்டது. எங்கள் பக்கத்தில் மனுஷரைத் தராசில் ஏற்றினால் அது கோயிலில் துலாபாரத்துக்கு. கல்யாணமான பெண்ணைக் கொப்பரை நிறுக்கிற தட்டில், ஆண்கள் நிற்கிற களத்தில் ஏற்றுவதா? அம்மா முடியவே முடியாது என்றாள். கடைசியில் வேலைக்காரர்கள் எல்லோரையும் வெளியே அனுப்பி, அப்பாவையும் அனுப்பி, தராசைச் சுற்றி ஓலைத்தட்டி கட்டினார்கள். உள்ளே அம்மா எடைக்கல் வைத்தாள். மாமன் வெளியே முதுகு காட்டி நின்றுகொண்டு "சமமா நிக்குதா? நல்லா பாரு!" என்று கத்தினார். மாமி சிவந்து போய்த் தட்டின் நடுவில் குந்தியிருந்தாள். அந்தப் பலகையில் கொப்பரைப் பிசுக்கு, அவளுடைய நல்ல புடவையில் கறை ஆகிவிட்டது. "இனி இந்தச் சோலி வேண்டாம் கேட்டியா. ஒருக்கா நிறுத்தா நிறுத்ததுதான்" என்று அம்மா தம்பியிடம் கறாராகச் சொன்னாள்.

அன்று எல்லாம் சரியாக வந்தது. நானும் மாமியும் ஒரு சின்ன எடைக்கல்லும் சேர்ந்து மாமன் ஆனோம். ஏறி உட்கார்ந்தோம். வால் எத்தனை ராத்தல் காட்டவேண்டுமோ அத்தனை காட்டியது. நடு சிவப்புக் கோட்டுக்குச் சற்று முன்னால், எங்கே இருக்கவேண்டுமோ அங்கேயே இருந்தது. மாமன் கன்றுக்குட்டியைத் தடவுவதுபோல வாலைத் தடவிக்கொடுத்தார்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. கொட்டகைக்குள் விமானம் சும்மா நின்றது. சும்மா நிற்கிற ஒரு பொருளைக் கட்சிக்காரர்கள் பார்த்துக்கொண்டு இருப்பார்களா? ஒரு நாள் அப்பா வாலின் ஒரு பக்கத்தில் சிவப்புப் பெயிண்டில் 'தமிழ்நாடு' என்று எழுதினார். மறுநாள் சார் வந்து மறுபக்கத்தில் மலையாளத்தில் 'கேரளம்' என்று எழுதினார். சாரின் எழுத்து அழகாக இருந்தது. அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை, தன் எழுத்தை இன்னும் பெரிதாக்கினார். சார் தன் எழுத்துக்கு மஞ்சளில் கரை கட்டினார். மாமன் தலையில் அடித்துக்கொண்டார். அவருக்கு அத்தான் ஒரு பக்கம், தான் படித்த பள்ளிக்கூடத்து சார் ஒரு பக்கம். யாரிடம் போய் அழிக்கச் சொல்வார்?

மழை விட்டதும் மறுபடி நிறுத்தார். வால் கூடுதலாகக் காட்டியது.

"பெயிண்டு" என்றார் மாமன். "வாலு நுனியில ஒரு ராத்தல் வச்சா போரும், நடு பின்னால போயிரும்."

பெயிண்டுக்கு ஒரு கணக்குப் போட்டுக் கழித்தார். கழித்தபின்னும் மிச்சம் நின்றது. துணியில் ஈரம் இருக்கும் என்று ஒரு வாரம் வெயிலில் காயவிட்டு மறுபடி நிறுத்தார். இன்னும் கூடியிருந்தது. அப்போது அவர் பார்வை மெதுவாக என் மேல் திரும்பியது.

"மக்கா, நீ என்ன தின்னுகே?"

என்னைத் தனியாகத் தட்டில் ஏற்றினார்கள். கொஞ்சம் வளர்ந்திருந்தேன், பெரிதாக ஒன்றும் இல்லை. இருந்தாலும் அன்று முதல் சாயங்காலத்து மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் எனக்கு நின்றுபோயிற்று. நான் அழுதேன். அம்மா தம்பியை வாய்க்கு வந்தபடி ஏசினாள். "பச்சப்பிள்ளைக்கச் சோத்தையாலே நிறுக்க? உனக்க ஏரோப்ளேனைக் கொண்டு தீயில போடு!" ஆனால் அவள் வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்வதற்கு அவளிடம் ஒன்று இருந்தது என்பதும், எனக்குக் கிழங்கு நின்றாலும் பரவாயில்லை என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மாமியை மறுபடி நிறுக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றினாலும் யார் கேட்பார்கள்? ஒருக்கா நிறுத்தால் நிறுத்ததுதான். ஒவ்வொரு தடவையும் மாமி சத்தமில்லாமல் ஏறி உட்காருவாள். அம்மா "அவளுக்கு நடுவு நோவுதுலே" என்று இடுப்பைக் காட்டித் தடுத்துப் பார்ப்பாள். மாமி "சாரமில்ல மைனி" என்று அதைப் பெரிதுபண்ணாமல் ஏறிவிடுவாள். நான் மடியில் ஏறியதும் என் இடுப்பைப் பிடித்து, "கொஞ்சம் முன்னால இரி மக்கா" என்பாள். நான் பலகையின் விளிம்பில் தொற்றிக்கொண்டு இருந்தேன். அது எனக்குக் கோபமாக இருந்தது. அதற்கு முன்னெல்லாம் அவள் என்னை இறுக்கி அணைத்துக்கொண்டுதான் உட்காருவாள்.

கடைசியில் மாமன் பொழியூருக்குப் போனார். கடற்கரையில் வலைக்காரர்களிடம், வலையின் அடியில் கோக்கிற ஈயக்குண்டுகளில் ஒரு சரம் வாங்கி வந்தார். வால் கனத்துக்கு ஈடாக மூக்கில் எஞ்சினுக்கு முன்னால் அதைக் கட்டினார். வால் சரியான கனம் காட்டியது. "செரியாச்சு" என்றார். மாமி அந்தச் சரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூக்கில் பாரம் கூடினால் எழும்பாது. தினமும் சோறு பரிமாறிக்கொண்டு கேட்ட பேச்சு, அவளுக்கு மறக்குமா? எழும்பாத விமானம் விழாது.

பொழியூர்க் கடற்கரைக்கு மாட்டுவண்டியில் கொண்டு போனோம். இறக்கைகள் தனி வண்டியில். வழியெல்லாம் ஜனம். குளத்தூர் முக்கில் தமிழ்க் கட்சிக்காரர்கள் ஒரு பக்கமாகவும் மலையாளக் கட்சிக்காரர்கள் ஒரு பக்கமாகவும் சேர்ந்துகொண்டார்கள். வண்டியின் வலப்பக்கம் நடந்தவர்கள் தமிழ் வாலையும் இடப்பக்கம் நடந்தவர்கள் மலையாள வாலையும் பார்த்துக் கோஷம் போட்டார்கள். கடல் வற்றியிருந்த காலை நேரம். ஈரமணல் சிமெண்டுத் தரைபோல இறுகிக் கிடந்தது. வலைக்காரர்கள் தங்கள் வள்ளங்களை ஒதுக்கி வழி விட்டார்கள்.

எஞ்சின் உறுமியது. எங்கள் முகத்தில் மணல் அடித்தது. விமானம் ஓடியது. வால் எழும்பியது, எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். பிறகும் அது ஓடிக்கொண்டேதான் இருந்தது. கரை முடிகிற இடம்வரை ஓடி நின்றது. திருப்பிக்கொண்டு வந்து மறுபடி ஓட்டினார். மாமன் உள்ளே இருந்து பிடியை நெஞ்சோடு இழுப்பது எங்களுக்கே தெரிந்தது. சக்கரம் மணலை விடவில்லை.

அவர் இறங்கி வரும்முன்பே இங்கே சண்டை தொடங்கிவிட்டது.

"சாரே, உம்ம எழுத்து சுருண்டு சுருண்டு கெடக்கு. மஞ்சக் கரை வேற. அதுக்குத்தான் பெயிண்டு கூடுதல். அதச் சொரண்டணும்!" என்றார் அப்பா.

"அண்ணாச்சி, அது நியாயமில்லல்லோ. நிங்ஙள் எழுதியது ஆனை வலுப்பம். ஞான் எழுதியது இத்தரயே உள்ளு. ஆத்யம் நிங்ஙள் சொரண்டு!" ஆனையளவு எழுதிய நீங்கள்தான் முதலில் சுரண்டவேண்டும் என்று சார்.

ஒரு பையன் சுரண்டுவதற்குச் சிப்பி எடுத்துக்கொண்டு ஓடினான். இன்னொருவன் அவன் கையைப் பிடித்தான். வேட்டிகள் மடித்துக் கட்டப்பட்டன. அப்பாவின் கை சாரின் தோளில் இருந்தது, நட்பாக அல்ல. காலையில் ஒரே கிணற்றில் குளித்த இரண்டு பேர்.

மாமன் யாரையும் பார்க்கவில்லை. மணலில் உட்கார்ந்தார். "எழுத்தில ஒண்ணும் இல்ல அத்தான். எழுத்துக்கக் கனத்த நான் கழிச்சாச்சு. எனக்க கணக்காக்கும் பொய். எனக்குக் கணக்குத் தெரியாது" என்றார். வண்டிக்காரரைக் கூப்பிட்டு, "திரும்பக் கொண்டு போவாண்டாம். இங்கயே வெட்டி, விறகுக்கு வேணும்னு கேக்கியவியளுக்குக் கொடும்" என்றார். நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது.

மாமி வள்ளத்து நிழலில் அம்மாவோடு நின்றுகொண்டிருந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்திருந்தாள். மாமி அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டு, அத்தனை ஆண்கள் நடுவிலும் நடந்து வந்து மாமன் முன்னால் நின்றாள். நாலு பேர் முன்னால் அவருடன் அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

"எழுத்த யாரும் சொரண்டாண்டாம்" என்றாள். "உங்களுக்கக் கணக்கும் பொய்யில்ல. நீங்க என்னய நிறுத்தப்ப நான் ஒருத்தி. பெறவு ஏறி இருந்ததெல்லாம் ரெண்டு பேராக்கும்."

மாமன் அவளை நிமிர்ந்து பார்த்தார். விரலால் மணலில் ஏதோ எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். "எத்தர ராத்தல் கூடியிருக்கும்?" என்று கேட்டார்.

வலைக்காரப் பெண்கள்தான் முதலில் சிரித்தார்கள். பிறகு கரையே சிரித்தது. சாரும் சிரித்தார், அப்பாவின் கை அவர் தோளிலேயே இருந்தது. மாமனுக்கு மட்டும் இன்னும் விளங்கவில்லை. வால் நுனியில் ஒரு பலம் எடை கூடினால் கண்டுபிடிக்கிற மனுஷர். திடீரென்று எழுந்து நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவர்களுக்கு அதற்கு முன் இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போயிருந்தது. அதனால்தான் அஞ்சு மாசம் ஆகட்டும் என்று மாமியும் அம்மாவும் வாயைத் திறக்கவில்லை. அப்படித்தான் வழக்கம். ஆனால் அந்த ஈயம் கட்டியபின் மாமி பேசாமல் இருந்தது வழக்கத்துக்காக மட்டும் அல்ல என்பது இப்போது என் வயசில் எனக்கு நன்றாகவே தெரிகிறது. ஊர் அவளை அப்பாவி என்றது. விமானத்தைப் பற்றி அவளுக்கு ஒன்றும் புரியாது என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். மூக்கில் அந்த ஈயம் இருக்கும்வரை புருஷன் தரையிலேயே இருப்பான் என்று அவளுக்குத் தெரியும். அவன் கணக்குத் தெரியாதவன் என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டதை மட்டும் அவளால் தாங்க முடியவில்லை.

மாமன் போய் ஈயச்சரத்தை அவிழ்த்தார். இரண்டு குண்டுகளை மட்டும் திரும்பக் கட்டினார். "ஒண்ணு தமிழுக்கு, ஒண்ணு மலையாளத்துக்கு" என்றார். பிறகு மாமியிடம் வந்தார். "நீ வேண்டாம்னு சொன்னா போவல்ல."

மாமி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "கணக்கு செரிதானா?"

"செரிதான்."

"பின்ன போயிட்டு வாருங்க."

எஞ்சின் மறுபடி உறுமியது. மாமி என் கையைப் பிடித்துக்கொண்டாள், என் விரல்கள் நசுங்கின. வால் எழும்பியது. சக்கரத்துக்கும் மணலுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. ஒரு சாண், ஒரு ஆள் உயரம், பிறகு தென்னை உயரம். மூக்கு மேலும் ஏறாமல் தாழாமல், களத்தில் தராசின் தண்டு நிற்குமே அப்படி நின்றது. அலை ஓரமாகவே, ஆறு கடலில் விழும் பொழிமுகம் வரை போயிற்று. கரையில் நின்றவர்களுக்கு 'கேரளம்' தெரிந்தது, அந்தக் கட்சி கத்தியது. அங்கே திரும்பி வரும்போது 'தமிழ்நாடு' தெரிந்தது, இந்தக் கட்சி கத்தியது. அப்பா எல்லாவற்றுக்கும் கத்தினார். மாமி கத்தவில்லை. அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. இறங்கும்போது இரண்டு தடவை குதித்தது, நின்றது. மாமி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

அது ஒருமுறைதான் பறந்தது. லைசென்ஸ் இல்லாமல் பறந்ததற்குப் போலீஸ் வந்து எச்சரித்துவிட்டுப் போனது. எஞ்சின் கடைசியில் அம்மா நினைத்தபடியே பம்புசெட்டுக்குப் போயிற்று. வாலின் துணி கொஞ்ச காலம் கொப்பரைக்கு மழை மறைப்பாக இருந்தது. எல்லை பிரிந்து நாங்கள் கேரளத்தில் நின்றுபோனோம். அப்பா சில நாள் யாரோடும் பேசவில்லை. சார்தான் தினமும் வந்து, ஒன்றும் பேசாமல், எதிரே உட்கார்ந்து கட்டன்சாயா குடித்துவிட்டுப் போனார். எனக்குக் கிழங்கும் மீன்குழம்பும் கடற்கரையிலிருந்து திரும்பிய அன்றே கிடைத்துவிட்டது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அதற்கெல்லாம் முன்பே, அந்தக் கோடையில், மாமிக்குப் பெண்குழந்தை பிறந்தது. பெயரிட்ட அன்று மாமன் மீந்த ஈயச்சரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு களத்தில் நின்றார். வலைக்காரர்கள் அதைத் திருப்பி வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார்கள், பிள்ளைக்கு இருக்கட்டும் என்று. அவருக்குக் குழந்தையை நிறுத்துப் பார்க்கவேண்டும். அம்மா குறுக்கே வந்து நின்றாள். பச்சைக் குழந்தையை நிறுத்தால் கண்பட்டுவிடும், அதுவும் ஆட்கள் நிறைந்த களத்தில், அதுவும் கொப்பரைத் தட்டில் என்று சத்தம் போட்டாள்.

மாமி குழந்தையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஓலைத்தட்டி எதுவும் இல்லை. அப்பா, சார், வேலைக்காரர்கள் எல்லோரும் நின்றார்கள்.

"மாறுங்க மைனி" என்றாள். "என்னய இன்னொருக்கா நிறுத்திருந்தா இந்தப் பாடு ஒண்ணும் வந்திருக்காது. இவள எல்லாரும் பாக்க நிறுக்கட்டும்."

தட்டில் புதுத்துணி விரித்து, குழந்தையை அவளே கிடத்தினாள். மாமன் எதிர்த்தட்டில் ஈயக்குண்டுகளைச் சரத்தோடு வைத்தார். தராசு பார்க்க நின்றது அப்பா. குழந்தையின் தட்டு விறுவிறுவென்று கீழே போயிற்று.

"அத்தான், கைய எடுங்க" என்றார் மாமன்.

"நான் தொடல்லியே அளியா" என்று அப்பா இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். உண்மைதான், அவர் தொடவில்லை.